பொய் சொன்னால் குதிரைக்குத் தெரிந்துவிடும்!

கிர்கிஸ்தான் மலைகளில், குதிரையேற்றம் அறிந்தவர்களுக்கான சேணப் பயணம்

படிவத்தில் ஒரே ஒரு சின்னக் கட்டம்தான். ‘உங்கள் குதிரையேற்ற அனுபவம்?’ என்று கேட்டு, பக்கத்தில் மூன்று பதில்களைக் கொடுத்திருப்பார்கள். புதியவர், ஓரளவு பழகியவர், அனுபவசாலி. வீட்டு சோபாவில் சாய்ந்தபடி செல்போனில் அந்தப் படிவத்தை நிரப்பும்போது, மூன்றாவது பதிலை நோக்கி விரல் தானாகவே போகும். ‘கொடைக்கானல்ல ஏரியைச் சுத்தி வந்தவங்கதானே நாம!’ என்ற தைரியம்.

கொடைக்கானலில் குதிரையின் கயிறு குதிரைக்காரர் கையில் இருந்தது. மத்திய ஆசியாவில், கிர்கிஸ்தான் நாட்டின் நரின் மலைகளில் அந்தக் கயிறு யார் கையிலும் இருக்காது. ஒரு பக்கம் பாறைச் சரிவு, இன்னொரு பக்கம் இரைச்சலோடு ஓடும் பனியாறு. செல்போன் சிக்னல் கிடையாது. மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் பல மணி நேரம் குதிரையிலேயே கீழே இறங்க வேண்டும். அந்த இடத்தில், சோபாவில் உட்கார்ந்து தட்டிய பதிலுக்கு விலை உண்டு.

குதிரையேற்றம் தெரிந்தவர்களுக்கென்றே உலகில் தனியாக ஒரு சுற்றுலா இருக்கிறது. தினமும் ஐந்து, ஆறு மணி நேரம் சேணத்தில் பயணம், இரவில் கூடாரம் அல்லது மேய்ப்பர் வீடு, மறுநாள் அடுத்த பள்ளத்தாக்கு. ஒரு வாரம், பத்து நாள் என்று நீளும் இந்தப் பயணங்கள், அதிகம் பேர் போகாத மலைகளில்தான் நடக்கின்றன. அதற்கு நல்ல உதாரணம் கிர்கிஸ்தான்.

குதிரைத் தலை மலை

தமிழ்நாட்டிலிருந்து மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளால், கிர்கிஸ்தானின் தலைநகரம் பிஷ்கெக் நம் ஊரில் பல வீடுகளுக்குத் தெரிந்த பெயர். அந்த நகரத்தைத் தாண்டினால் நாடு முழுக்க மலைதான். நிலப்பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் மலைப்பகுதி. கிழக்கே சீன எல்லை வரை நீளும் தியான்ஷான் மலைத்தொடரில் 7,439 மீட்டர் உயரச் சிகரம் ஒன்றும் இருக்கிறது.

இந்த மலைகளில் குதிரை என்பது சுற்றுலாவுக்காக வந்ததல்ல. தெற்கே ஒரு மலைத்தொடருக்கே ‘அட்-பாஷி’ என்று பெயர். ‘குதிரைத் தலை’ என்று அர்த்தம். ‘குதிரைதான் மனிதனின் சிறகு’ என்பது அவர்கள் பழமொழி. இரு அணிகள் குதிரை மீதிருந்தபடி போட்டி போடும் ‘கோக் போரு’ விளையாட்டு, 2017-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பிடித்தது.

குழந்தைக்கான சடங்கில்கூட குதிரைதான். மேயவிட்ட குதிரை தூரமாக ஓடிவிடாமல் இருக்க, அதன் கால்களைச் சிறு கயிற்றால் தளையிடுவார்கள். அந்தத் தளைக்கு ‘துஷூ’ என்று பெயர். நடக்கத் தொடங்கும் குழந்தையின் இரு கால்களையும் கறுப்பு வெள்ளை நூலால் இப்படித்தான் கட்டுவார்கள். ஊர்ப் பிள்ளைகள் ஓட்டப்பந்தயம் ஓட, முதலில் வருபவர் அந்த நூலை வெட்டிவிடுவார். ‘துஷூ கெசூ’ என்ற இந்தச் சடங்கோடு, குழந்தை வாழ்க்கையில் நடைபோடத் தொடங்குகிறது.

மேய்ச்சலில் பிறந்த சுற்றுலா

சோவியத் ஆட்சியில் மேய்ப்பர்களின் மந்தைகள் கூட்டுப் பண்ணைகளுக்குப் போயின. பெரிய உருவம் வேண்டுமென்று உள்ளூர்க் குதிரைகளோடு ரஷ்யாவின் டான் இனத்தையும் பந்தயக் குதிரைகளான தரோபிரெட் இனத்தையும் கலந்தார்கள். மலையேற்றத்துக்குப் பழகிய, குட்டையான பழைய இனம் குறைந்துபோனது. 1991-ல் நாடு விடுதலை பெற்றது. கூட்டுப் பண்ணைகள் கலைந்தன. சம்பளமும் நின்றது. மிஞ்சியது கொஞ்சம் ஆடு, சில குதிரைகள், மலை.

அந்த மூன்றையும் வைத்துப் பிழைக்க ஒரு வழி பிறந்தது. கோச்கோர் என்ற சிறு ஊரில் 2000-ம் ஆண்டு வாக்கில், சுவிட்சர்லாந்தின் ஹெல்வெட்டாஸ் அமைப்பின் உதவியோடு, ஊர்க்காரர்களே நடத்தும் சுற்றுலாத் திட்டம் தொடங்கியது. ஒரு குடும்பம் தங்க இடம் தரும், இன்னொன்று சமைக்கும், இன்னொன்று குதிரையும் வழிகாட்டியும் தரும். இன்று பல ஊர்களில் இந்த ஏற்பாடு உண்டு.

கோடை வந்ததும் மேய்ப்பர் குடும்பங்கள் ‘ஜைலூ’ எனப்படும் உயரமான புல்வெளிகளுக்கு மந்தையோடு ஏறிவிடும். கம்பளியைத் தட்டி இறுக்கிய விரிப்புகளால் மூடிய வட்டக் கூடாரம்தான் வீடு. ‘யர்ட்’ என்று வெளியுலகம் சொல்லும் அந்தக் கூடாரத்தின் உச்சி வளையம், அந்த நாட்டின் தேசியக் கொடியிலேயே இருக்கிறது.

பெரும்பாலான பயணிகள் போவது சோங்-குல் ஏரிக்கு. 3,016 மீட்டர் உயரத்தில், மரமே இல்லாத புல்வெளிக்கு நடுவில் இருக்கும் ஏரி. கைசார்ட் கிராமத்திலிருந்து இரண்டு, மூன்று நாளில் போய் வந்துவிடலாம். நடைவேகத்தில் போவதால் புதியவர்களும் சமாளிக்கிறார்கள்.

அனுபவசாலிகள் தேடுவது அதற்கும் தெற்கே. தாஷ் ரபாத் என்ற இடத்தில், பட்டு வணிகர்கள் தங்கிய பழைய கல் சத்திரம் ஒன்று, மலையோடு மலையாக நிற்கிறது. 15-ம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரக் கணவாயைக் குதிரையில் கடந்தால், மறுபக்கம் 3,530 மீட்டர் உயரத்தில் சாத்திர்-குல் ஏரி. சீன எல்லையை ஒட்டியது என்பதால் தனி அனுமதிச் சீட்டு தேவை. வழியில் கடை கிடையாது, மரம் கிடையாது. காற்றும் குறைவு.

இப்படிப்பட்ட பாதையில் மூன்று பொய்கள் ஆபத்தானவை. மூன்றையும் சொல்வது பெரும்பாலும் நல்லவர்கள்தான்.

முதல் பொய்: ‘எனக்கு நல்லா ஓட்டத் தெரியும்’

வழிகாட்டி உங்கள் படிவத்தைப் படித்திருப்பார். ஆனால், அவர் நம்புவது முதல் பத்து நிமிடத்தைத்தான். குதிரையை எந்தப் பக்கத்திலிருந்து நெருங்குகிறீர்கள்? ஏறும் முன் வயிற்றுப் பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்கிறீர்களா? அங்கவடியின் நீளத்தை நீங்களே சரிசெய்கிறீர்களா? பயம் வந்தால் உங்கள் கை கடிவாள வாரை இழுக்கிறதா? ஒரு வார்த்தை பேசாமலே அவருக்கு எல்லாம் புரிந்துவிடும். அவருக்கு முன்பே குதிரைக்குப் புரிந்திருக்கும்.

பயிற்சி மைதானத்தில் நன்றாக ஓட்டுபவர்களுக்கும் இங்கே புதுப் பாடம் உண்டு. நம் ஊர் பயிற்சிப் பள்ளிகளில் பெரும்பாலும் இருப்பவை ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகள். மட்டமான தரை, சுற்றிலும் வேலி, இரு கையிலும் வார். கிர்கிஸ் குதிரை அதைவிடக் குட்டை. ஒரே கையில் வாரைப் பிடித்து, கழுத்தின் மீது அதைச் சாய்த்துத்தான் திருப்ப வேண்டும். ‘ச்சூ’ என்றால் கிளம்பும். பெரும்பாலும் அதற்குத் தனிப் பெயர் இருக்காது. செம்பழுப்பு, கறுப்பு, வெள்ளை என்று நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

புல்வெளியில் ‘கேன்டர்’ என்ற தாவல் ஓட்டமும், இடம் கிடைத்தால் ‘கேலப்’ என்ற நாலுகால் பாய்ச்சலும் உண்டு. சுற்றிலும் பனிச் சிகரங்கள், முன்னால் வேலியே இல்லாத பச்சை வெளி. இதற்காகத்தான் உலகின் மூலைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆனால், ஒரு நாளில் அந்த ஓட்டம் சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் மலை கேட்கும் திறமை வேறு.

ஏற்றத்தில் உடலை முன்னே சாய்த்து, பிடரியைப் பிடித்துக்கொண்டு, குதிரையின் முதுகை விடுவிக்க வேண்டும். கல் நிறைந்த சரிவில், எங்கே கால் வைப்பது என்பதைக் குதிரையின் முடிவுக்கு விட்டுவிட வேண்டும். வாரை இழுத்தால் தலை தூக்கும். தலை தூக்கினால் கீழே இருக்கும் கல் அதன் கண்ணில் படாது. மிகச் செங்குத்தான இடத்தில் இறங்கி, குதிரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போவதுதான் மரியாதை. ‘நான் இறங்க மாட்டேன்’ என்பது வீரம் இல்லை.

ஆற்றைக் கடப்பது இன்னொரு பரீட்சை. பனி உருகி வரும் ஆறு, காலையில் வடிந்திருக்கும். வெயில் ஏற ஏற, மாலைக்குள் பொங்கிவிடும். அதனால்தான் வழிகாட்டிகள் விடியலிலேயே அவசரப்படுத்துவார்கள். தண்ணீருக்குள் இறங்கியதும் கீழே குனிந்து பார்த்தால் தலை சுற்றும். எதிர்க்கரையில் ஒரு கல்லைக் குறிவைத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டும் இருந்தால், விழுந்தாலும் கால் சிக்காது.

இதையெல்லாம் செய்யத் தெரியாதவரைப் புதியவர்களுக்கான பாதையில் அழைத்துப்போவதில் யாருக்கும் சிரமமில்லை. அனுபவசாலிகளின் குழுவில் அவர் இருந்தால் குழு முழுக்க அவர் வேகத்துக்கு இறங்க வேண்டும், அல்லது அவர் தன் எல்லையைத் தாண்டி ஓட வேண்டும். இரண்டாவதுதான் எலும்பை முறிக்கும். முன்னால் போகும் குதிரை பாய்ந்தால், பின்னால் வருவதும் பாயும். அது உங்கள் அனுமதியைக் கேட்காது.

இரண்டாவது பொய்: எடை

படிவத்தில் அடுத்த கட்டம் எடை. ஐந்தாறு கிலோவைக் குறைத்துச் சொல்வது உலகம் முழுக்க உள்ள பழக்கம். ஆனால், இங்கே அந்த எடையைச் சுமக்கப்போவது ஒரு உயிர்.

குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 350 கிலோ எடையுள்ள மலைக் குதிரை என்றால் 70 கிலோ. அதில் சேணமும் அடக்கம். உங்கள் எடையைப் பார்த்துத்தான் எந்தக் குதிரை என்று முடிவு செய்கிறார்கள். பெரிய குதிரை இல்லையென்றால் ‘முடியாது’ என்று சொல்லிவிடும் அமைப்பாளர்களும் உண்டு. அவர்கள்தான் நல்ல அமைப்பாளர்கள்.

குறைத்துச் சொன்னால் என்ன ஆகும்? சேணத்தில் ஒரு பக்கமாகச் சரிந்து, மூட்டையைப் போல ஆறு மணி நேரம் உட்கார்ந்தால், மாலையில் குதிரையின் முதுகில் தோல் உரிந்திருக்கும். அந்தப் புண் ஆறும் வரை சேணம் போட முடியாது. ஜைலூவின் கோடை என்பது ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரைதான். ஒரு குடும்பத்தில் வாடகைக்கு விட இரண்டு, மூன்று குதிரைகள் இருந்தாலே அதிகம். அவற்றில் ஒன்று படுத்துவிட்டால், அந்த வருடக் குளிர்காலத்துக்கான பணத்தில் ஒரு பகுதி போனது. பயணிக்கு அது ஒரு மாலை நேர வருத்தம். அந்த வீட்டுக்கு அது பிள்ளையின் படிப்புச் செலவாகவும் இருக்கலாம்.

மூன்றாவது பொய்: ‘எனக்கு ஒண்ணுமில்ல’

இந்தப் பொய்யைப் படிவத்தில் சொல்வதில்லை. மூன்றாம் நாள் இரவு, கூடாரத்துக்குள் சொல்வார்கள். தலை விண்விண்ணென்று வலிக்கும், சாப்பாடு இறங்காது, குமட்டும். குழுவை நிறுத்திவிடுவோமோ என்ற கூச்சத்தில் ‘ஒண்ணுமில்ல, பயணக் களைப்பு’ என்று சிரித்துச் சமாளிப்பார்கள்.

2,500 மீட்டரைத் தாண்டினால் யாருக்கு வேண்டுமானாலும் உயர மலை நோய் வரலாம். வயதும் உடற்பயிற்சியும் அதற்குத் தடை இல்லை. குதிரைப் பயணத்தில் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நடந்து ஏறுபவருக்கு மூச்சு வாங்கும், அதனால் வேகம் தானாகக் குறையும். குதிரையில் போகிறவருக்குக் களைப்பு தெரியாது. உழைப்பு குதிரையுடையது. ஆனால், மெலிந்த காற்றைச் சுவாசிப்பது அவர் நுரையீரல்தான். அதனால், உடல் பழகுவதற்கு முன்பே உயரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்.

3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது பாதுகாப்பு. தலைவலி கூடினாலோ, நடை தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, செய்ய வேண்டியது ஒன்றுதான். கீழே இறங்குவது. காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

மேய்ப்பர் வீட்டில் முதலில் நீட்டப்படும் கிண்ணத்தில் இருப்பது ‘கிமிஸ்’. புளிக்கவைத்த குதிரைப் பால். புளிப்போடு லேசாக நுரைக்கும், கொஞ்சம் ஆல்கஹாலும் உண்டு. பழகாத வயிறு கலங்கக்கூடும். ஒரு வாய் பருகிவிட்டு நன்றி சொன்னாலே போதும், அவர்கள் தவறாக நினைக்க மாட்டார்கள். குடிக்காதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆட்டிறைச்சியும் குதிரை இறைச்சியும் உணவாகும் நாடு அது. சைவம் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே தெரிவித்தால், ரொட்டி, வெண்ணெய், ஜாம், உருளைக்கிழங்கு என்று ஏதாவது வழி செய்துகொள்ளலாம்.

இன்னும் இரண்டு மலைகள்

ஆப்பிரிக்காவின் தெற்கில் லெசோத்தோ என்று ஒரு குட்டி நாடு. அதன் மிகத் தாழ்வான இடமே ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் 17-ம் நூற்றாண்டில் கேப் பகுதிக்குக் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்த பசோத்தோ குதிரைகள், இன்றும் மலைக் கிராமங்களில் வாகனம்போலப் பயன்படுகின்றன. செமோங்கோங் என்ற ஊரின் அருகே, 192 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீழ்ச்சியாக விழும் மலெட்சுன்யானே அருவி வரை குதிரையில் போகிறார்கள்.

ஜார்ஜியா நாட்டின் காகசஸ் மலையில் துஷெட்டி என்ற பகுதி உண்டு. பனி மூடிய மாதங்களில் அதற்குப் பாதையே கிடையாது. கோடையில் மட்டும் திறக்கும். அங்கிருந்து 3,431 மீட்டர் உயர அட்சுன்டா கணவாயைக் கடந்து, பழைய கல் கோபுர ஊரான ஷாட்டிலிக்கு இறங்கும் வழி, குதிரைக்காரர்களுக்கு ஒரு கனவுப் பாதை. துஷெட்டிக்குள் பன்றி இறைச்சியைக் கொண்டுபோவது மரபுப்படி தடை. மலை மாறினால் மரியாதையும் மாறும்.

படிவத்தை நிரப்பும் முன்...

இந்தக் கேள்விகளை உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

* யார் உதவியும் இல்லாமல் சேணம் பூட்டி, தரையிலிருந்து குதிரையில் ஏற முடியுமா?
* வேலி இல்லாத திறந்தவெளியில், மூன்று வேகத்திலும் குதிரையை ஓட்டி, நினைத்த இடத்தில் நிறுத்த முடியுமா?
* தொடர்ந்து இரண்டு நாள், தினமும் நான்கு மணி நேரத்துக்கு மேல் சவாரி செய்த பழக்கம் உண்டா?
* கடைசியாகக் குதிரை ஏறியது எப்போது? பத்து வருடத்துக்கு முன்பு என்றால், புறப்படும் முன் மூன்று மாதமாவது மறுபடி பயிற்சி தேவை.

ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் பரவாயில்லை. ‘ஓரளவு பழகியவர்’ என்று குறித்து, சோங்-குல் போன்ற பாதையைத் தேர்ந்தெடுங்கள். அழகில் அது எந்தக் குறையும் வைக்காது.

கையோடு எடுத்துப்போக வேண்டியவற்றில் முதலிடம் ஹெல்மெட்டுக்கு. ஊர்களில் உங்கள் தலைக்குச் சரியான அளவில் கிடைக்கும் என்று நம்ப முடியாது. சிறு குதிகாலும், வழுவழுப்பான அடிப்பாகமும் கொண்ட ஷூ வேண்டும். ஆகஸ்ட்டில்கூட இரவில் உறையும் குளிர் இருக்கலாம் என்பதால் கம்பளி உடை அவசியம். பயணக் காப்பீட்டின் பொடி எழுத்துகளைப் படியுங்கள். குதிரையேற்றத்தையும், குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்ட பயணத்தையும் விலக்கிவைக்கும் பாலிசிகள் நிறைய. குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து போகும் குடும்பம் என்றால், உங்களில் அனுபவம் குறைந்தவருக்கு எது ஏற்றதோ, அதுவே எல்லோருக்குமான பாதை.

மாலையில் ஜைலூவை அடைந்ததும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பயணிகளுக்குத் தேநீர் வந்துவிடும். குதிரைக்கு உடனே எதுவும் கிடையாது. வியர்வை அடங்கும்வரை கட்டி வைத்திருந்து, பிறகுதான் தண்ணீரும் புல்லும். வழிகாட்டி சேணத்தை இறக்கி, உள்ளங்கையால் அதன் முதுகைத் தடவிப் பார்ப்பார். வீக்கம் இருக்கிறதா, சூடு இருக்கிறதா, எங்காவது தோல் உரிந்திருக்கிறதா?

ஒன்றும் இல்லையென்றால் கால்களில் தளையைப் போட்டுப் புல்வெளியில் விட்டுவிடுவார். குதிரை நாலடி போய், தரையில் புரண்டு, முதுகைத் தேய்த்து எழுந்து உடம்பை உதறும். அன்றைக்கு நீங்கள் எப்படி ஓட்டினீர்கள் என்பதற்கான மார்க் அந்த முதுகில்தான் இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள, தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகிறவர்தான் அனுபவசாலி.